நன்றியை எழுத்தில் கொடு

ஒருகொடவத்தை

அன்பு மகளுக்கு,

பிள்ளைப்பேற்று வாட்டில் உன்னைப் பரிவோடு பார்த்த தாதி மிஸிக்குச் சேலை வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவருக்கு அது தர்மசங்கடம். பக்கத்துக் கட்டிலில் கிடக்கும் வசதியில்லாத தாய்க்கு, தானும் ஏதாவது கொடுக்க வேண்டுமோ என்ற கவலை. அதைவிட அவருடைய பெயர், வாட்டு இலக்கம், திகதி, அவர் செய்தது என்ன என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு அனுப்பு.

பரிவை வைத்தியத்துக்கு மேலே கிடைக்கும் இனாமாகவே நாங்கள் நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது வைத்தியத்தின் ஒரு பகுதி. பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளான தாய்மாரை வைத்து ஸ்கொட்லாந்தில் செய்த ஆய்வொன்று 1989இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்தது. குறுகிய பயிற்சி பெற்ற சுகாதாரத் தாதியர் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய், தாயைப் பேசவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்கள். மூன்று மாதத்தில் அப்படிப் பேசக் கிடைத்த 26 தாய்மாரில் 18 பேர் தேறினார்கள். அப்படிக் கேட்க ஆளில்லாத 24 பேரில் தேறியவர்கள் 9 பேர்தான். சிறிய ஆய்வு என்பது சரி. ஆனால் காரணம் விளங்காததல்ல. ஏச்சு வாங்கிய தாய் காய்ச்சலையும் தையல் நோவையும் சொல்லாமல் மறைப்பாள். பால் வரவில்லை என்று சொல்லவும் பயப்படுவாள். மறைத்த நோய்க்கு எந்த டொக்டரும் மருந்து கொடுக்க முடியாது.

எங்கள் நாட்டுக் கதையும் இதையே சொல்கிறது. 1930களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். கொவிட்டுக்கு முந்திய ஆண்டுகளில் அது 40க்கும் கீழே வந்திருந்தது. மலேரியாக் கட்டுப்பாடு, பெண் கல்வி, இலவச வைத்தியம் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, படலையைத் திறந்துகொண்டு வந்த மருத்துவிச்சியை நம்பித்தான் பெண்கள் கிளினிக்குக்குப் போனார்கள். அந்த நம்பிக்கையை வெறும் கட்டளையால் உண்டாக்கியிருக்க முடியாது.

“சம்பளத்துக்குச் செய்த வேலைதானே, இதற்கென்ன கடிதம்?” என்று வீட்டில் கேட்பார்கள். சம்பளம் வேலை நேரத்துக்கு. பிரஷர் பார்த்ததையும் ஊசி போட்டதையும் குறிக்கப் புத்தகம் இருக்கிறது. அழுத தாயின் பக்கத்தில் நின்றதைக் குறிக்க அதில் இடமில்லை. குறிக்கப்படாத வேலை மேலிடத்தின் கண்ணில் படாது. படாத வேலையைச் செய்பவர் ஒருநாள் சலித்துப் போவார். உன் கடிதம் அந்த வேலையைப் பதிவில் ஏற்றும்.

“ஒருவரைப் புகழ்ந்தால் மற்றவர்கள் சத்தம் போட்டதை மூடி மறைப்பதாகாதா?” என்பது இன்னும் நியாயமான கேள்வி. ஆகாது. அதே வாட்டில், அதே நெருக்கடியில், அதே இரவு வேலையில் ஒருவரால் அன்பாகப் பேச முடிந்தது என்றால், சனம் கூடிவிட்டது என்ற சாட்டு முழுதாக நிற்காது. உன் பாராட்டே மற்றவர்களின் நடத்தையை அளக்கும் அளவுகோலாகிவிடும். அதேவேளை, களைத்துப்போன தாதியிடம் முடிவில்லாத பொறுமையை எதிர்பார்ப்பதும் அநியாயம். ஆகவே ஆள்பற்றாக்குறையைக் கண்டிருந்தால் அதையும் அதே கடிதத்தில் ஒரு வரி எழுது.

சிங்களத்தில் எழுத வராதே என்று தயங்காதே. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. தமிழில் எழுத உனக்கு உரிமை உண்டு. பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் கழியுமுன் எழுதித் தபாலில் போட்டுவிடு. அந்த மிஸியின் பெயரை மட்டும் பிழையில்லாமல் எழுது.

அன்புடன்,
பெரியம்மா