ஆக்சுவரி இன்டர்வியூவா? முதல்ல பீரோவைத் திற!

சி.எஸ்.1, சி.எம்.1 பேப்பர் பாஸ் பண்ணிட்டே, சந்தோஷம். அதுக்காக முந்தின நாள் ராத்திரி வரைக்கும் ஃபார்முலாவையே உருப்போடாதே. அப்படிப் போய் முழிச்ச பிள்ளைங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! உன்னை நம்பி ஒரு வேலையைக் கொடுக்கலாமான்னுதான் இன்டர்வியூ எடுக்கறவங்க பார்ப்பாங்க.

1. பீரோவுல அப்பாவோட எல்.ஐ.சி. பத்திரம் இருக்கும், எடு. பிரீமியம், போனஸ், சரண்டர் மதிப்பு எல்லாத்தையும் அம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லிப் பாரு. டெர்ம் பாலிசி ஏன் மலிவு? ஆள் இறந்தாத்தான் பணம். எண்டோமென்ட்ல முதிர்வு வரை உயிரோட இருந்தாலும் கொடுத்தாகணும். இதைத் தடுமாறாம சொல்லத் தெரியணும். நம்ம ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில நடக்கறப்போ தோழிகிட்ட வாய்விட்டுச் சொல்லிப் பழகு. மனசுக்குள்ள சொல்லிக்கிறது கணக்குல சேராது.

2. அண்ணனோட பைக் பாலிசியையும் பாரு. கிளெய்ம் வாங்காத வருஷத்துக்கெல்லாம் நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறும். ஒரு கிளெய்ம் வாங்கினா ஜீரோ. நீ சி.எஸ்.2-ல படிக்கிற மார்கோவ் செயின் இதுதான்டீ! ஒரு தாள்ல ஆறு கட்டம் போடு. கிளெய்ம் வந்தா ஜீரோவுக்கு அம்பு, வராட்டி அடுத்த கட்டத்துக்கு. வருஷத்துக்கு 10 சதவீதம் பேர் கிளெய்ம் வாங்கறாங்கன்னு வெச்சுக்கோ. 0.9-ஐ அஞ்சு தடவை பெருக்கினா 0.59. நாளடைவில நூத்துக்கு 59 பேர் மேல் கட்டத்துல நிப்பாங்க. சின்னக் கீறலுக்கு அவங்க ஏன் கைக்காசு போட்டுக்கறாங்கன்னும் சொல்லு. அந்த பதிலைக் கேக்கறவங்க மறக்கமாட்டாங்க.

3. எக்ஸெல் டெஸ்ட்ல டேட்டாவை அழுக்காத்தான் கொடுப்பாங்க. ஒரு வரியில தேதி முன்னாடி, இன்னொண்ணுல மாசம் முன்னாடி. 130 வயசு பாலிசிதாரர் ஒருத்தர் இருப்பார். சுத்தம் பண்ணாம சராசரி எடுத்து நீட்டாதே. விலுக்அப்பும் பிவட் டேபிளும் கை தானா செய்யணும்.

4. ஃபெயிலான பேப்பரை மறைக்காதே. இந்தப் பரீட்சையில விழாதவங்க குறைவு, கேக்கறவங்களும் விழுந்து எழுந்தவங்கதான். "எங்க தவறினேன், அடுத்து எப்ப எழுதறேன்" – ரெண்டே வாக்கியம் போதும்.

5. ஸ்டார் ஹெல்த், ராயல் சுந்தரம், சோழமண்டலம் எம்.எஸ்., யுனைடெட் இந்தியா – தலைமை அலுவலகம் சென்னையிலதான். எல்லாம் பொதுக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு. அங்க போறப்போ ஐ.பி.என்.ஆர். தெரியாம போகாதே. டிசம்பர்ல நடந்த விபத்துக்கு கிளெய்ம் மார்ச்சுல வரும். அதுக்கு இப்பவே ஒதுக்கி வைக்கிற பணம் அது.

6. தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. இந்த மாதிரிச் செய்தி நாக்கு நுனியில இருக்கணும்.

7. வேலை நிறைய இருக்கறது மும்பை, குருகிராம், பெங்களூருல. "வருவியா?"ன்னு கேட்டா, "வீட்டுல கேட்டுச் சொல்றேன்"னு இழுக்காதே. அப்பா, அம்மாகிட்ட இன்னிக்கே உட்கார்ந்து பேசு. மாப்பிள்ளை பார்க்கற பேச்சு வர்ற வரைக்கும் தள்ளிப்போட்டு, கையில கிடைச்ச வேலையை விட்ட பிள்ளைங்களைப் பார்த்து வயிறு எரிஞ்சிருக்கேன்.

நேர்ல கூப்பிட்டது ஓ.எம்.ஆர். பக்கம்னா, நம்ம ஊர்லேர்ந்து பட்டணத்தோட அந்தக் கோடி அது. ஆவடி ஸ்டேஷன்ல ரெண்டு ரயில் முன்னாடியே ஏறிடு.