ஆதுலர் சாலையும் அன்றாட உணவும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடும் இடம் திருமுக்கூடல். காஞ்சிபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே, பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் அமைந்த இத்தலத்தில் வேங்கடேசப் பெருமாள் கோயில் கொண்டு எழுந்தருளியிருக்கிறார். இக்கோயிற் சுவரில் வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. நித்திய ஆராதனைக்கும் திருவிழாக்களுக்கும் விடப்பட்ட நிவந்தங்களைச் சொல்லிவரும் அக்கல்வெட்டு, அவற்றோடு ஒரு வேத பாடசாலையையும் ஓர் ஆதுலர் சாலையையும் பற்றி விரித்துரைக்கிறது. ஆதுலர் என்போர் நோயாளிகள். ஆதுலர் சாலை என்பது இன்று நாம் கூறும் மருத்துவமனையே. அதற்கு வீரசோழன் என்பது பெயர்.

உத்ஸவ காலத்தில் பெருமாளைச் சேவிக்க வந்துள்ள அன்பர்கள் இச்செய்தியைச் சிறிது சிந்தித்தல் நலம். ஆராதனைக்குரிய நெல்லை அளந்த கோயில், நோயாளிக்கு வேண்டிய அரிசியையும் அளந்தது. உடலைப் பேணுதலும் கைங்கரியத்துக்கு உறுப்பு என்று நம் முன்னோர் கருதினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆதுலர் சாலையின் அமைப்பு

அச்சாலையில் 15 நோயாளிகள் தங்குவதற்கு இடம் இருந்தது. பாடசாலை மாணவரும் கோயிற் பணியாளரும் அங்கே சிகிச்சை பெற்றனர். ஆயுர்வேதம் வல்ல வைத்தியர் ஒருவர், சல்லியக்கிரியை என்னும் அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து ஆக்குவார் இருவர், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்டிர் இருவர் எனப் பணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி விதிக்கப்பட்டது. இரவில் விளக்கெரிக்கவும் எண்ணெய் ஒதுக்கப்பட்டது. இருளில் நோயாளி அஞ்சாதிருக்க வேண்டும் என்ற அருள் அவ்வொரு விளக்கில் புலப்படுகின்றது.

சாலையில் ஓராண்டுக்கு வைத்திருக்க வேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகளையும் கல்வெட்டு பெயர் சொல்லிக் குறிக்கிறது. வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, பலா ஏரண்ட தைலம், பில்வாதி கிருதம் முதலியன அவற்றுட் சில. ஹரீதகி என்பது நாம் அறிந்த கடுக்காய். உவர்ப்பு ஒன்று நீங்கலாக ஐந்து சுவைகளும் அதில் உண்டு என்பர். வாசா என்பது இருமலுக்கு உதவும் ஆடாதோடை. ஏரண்டம் ஆமணக்கு; பலா என்பது சிற்றாமுட்டி; பில்வம் வில்வம். இவற்றுட் பல இன்றும் நம் வேலியோரத்தில் வளர்வனவே.

உணவே முதற்காப்பு

இத்தனை மருந்துகளைக் கூறும் ஆயுர்வேதம், மருந்துக்கு முன்னே உணவை வைக்கின்றது. உணவு, உறக்கம், ஒழுக்கம் ஆகிய மூன்றும் உடலைத் தாங்கும் துணைத்தூண்கள் என்பது சரகர் கொள்கை. வயிற்றை நான்கு பங்காகக் கருதி, இரண்டு பங்கை அன்னத்துக்கும் ஒரு பங்கை நீருக்கும் அளித்து, எஞ்சிய பங்கைக் காலியாக விடுக என்று வாக்படர் தம் அஷ்டாங்க ஹிருதயத்தில் அறிவுறுத்துகிறார். முன் உண்டது செரித்து, பசி தோன்றிய பின்னரே மீண்டும் உண்ணுதல் வேண்டும். இரவில் தயிர் தவிர்க்கத்தக்கது என்பதும் அந்நூல்களின் விதி.

அளவோடு சேர்க்கையையும் நோக்க வேண்டும். பாலும் புளிப்புப் பழமும் சேர்ந்து ஆகா. தேனும் நெய்யும் சம எடையில் கூடா. இத்தகையவற்றை விருத்தாகாரம் என்பர். திருவரங்கத்தைப் பற்றிப் பெரியோர் சொல்லிவரும் வரலாறு ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. பெருமாள் திருமேனியில் ஒருநாள் வாட்டம் கண்ட உடையவர், அன்று நாவற்பழத்தோடு தயிரன்னம் அமுது செய்விக்கப்பட்டதைக் கேட்டறிந்து, கருடவாகன பண்டிதரைக் கொண்டு கஷாயம் சமர்ப்பிக்கச் செய்தாராம். அர்ச்சாவதாரப் பெருமானிடம் அவர் கொண்ட பரிவை இவ்வரலாறு காட்டும். உணவுச் சேர்க்கையில் நம் முன்னோர் கொண்டிருந்த கவனத்தையும் அது உடன் காட்டும். அப்பெரிய கோயிலில் தன்வந்திரி சந்நிதியை இன்றும் சேவிக்கலாம்.

பருவமும் பிரசாதமும்

பருவத்துக்கேற்ப உணவை மாற்றுவது ருதுசரியை எனப்படும். இதை ஏட்டில் தேடவேண்டியதில்லை. மடைப்பள்ளியே நமக்குக் கற்பிக்கின்றது. குளிர்காலத்தில் வயிற்றின் அக்கினி வலுத்திருக்கும். நெய்ப்புள்ள கனத்த உணவையும் அது செரிக்கும். மார்கழி விடியலில் வழங்கும் வெண்பொங்கலில் நெய்யும், அதைச் செரிப்பிக்க மிளகும் சீரகமும் இஞ்சியும் சேர்வதைக் காண்க. கோடையில் அக்கினி தளரும். உடல் நீரை இழக்கும். ஸ்ரீராமநவமியன்று வெல்லமும் சுக்கும் ஏலமும் கரைத்த பானகமும், நீர்மோரும் வழங்கப்படுவது அக்காலத்துக்குப் பொருந்துவதாகும்.

ஏகாதசி விரதமும் அவ்வாறே. உபவாசத்தால் ஓய்ந்த வயிற்றுக்கு மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் இடுவது வைணவ இல்லங்களின் வழக்கம். நெல்லிக்காய் வைட்டமின் சி சத்து மிக்கது. அகத்தியில் சுண்ணாம்புச் சத்து நிறைந்துள்ளது. அவ்வகத்தியையே நாட்டு வைத்தியர்கள் மருந்துண்ணும் காலத்தில் விலக்கச் சொல்வர். நல்ல பொருளுக்கும் காலமும் இடமும் உண்டென்பது இதனால் விளங்கும்.

மருந்து யார் பொறுப்பு?

மூலிகை என்றாலே தீங்கற்றது என்று எண்ணி, பிறர் சொற்கேட்டுத் தாமே மருந்துண்ணும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. இவ்விடத்தில் திருமுக்கூடல் கல்வெட்டை மீண்டும் நோக்குவோம். அம்மருந்துப் பட்டியலில் பல்லாதக ஹரீதகி என்றொரு மருந்து உண்டு. பல்லாதகம் என்பது சேங்கொட்டை. வண்ணார் துணிகளில் குறியிடப் பயன்படுத்திய அக்கொட்டையின் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும். முறைப்படி சுத்தி செய்த பின்னரே அது மருந்தாகும். ஒரே பட்டியலில் சாதுவான கடுக்காயும் உண்டு. கொடிய சேங்கொட்டையும் உண்டு. ஆகவேதான் சோழர் காலத்துப் பெரியோர் மருந்துகளை மட்டும் வைத்து அமையாமல், வைத்தியரையும், மருந்தாக்கும் பணியாளரையும் நிவந்தம் அளித்து நியமித்தனர்.

தொண்டைக்கு இதமான அதிமதுரத்தை நெடுநாள் உண்டால் இரத்த அழுத்தம் உயரக்கூடும். உலோகம் சேர்ந்த மருந்துகள் முறை தவறி ஆக்கப்பட்டால் ஈயம் முதலிய நஞ்சு உடலிற் சேரும். நீரிழிவுக்கு மாத்திரை உண்போர் அதனோடு சர்க்கரையைக் குறைக்கும் மூலிகைகளையும் தாமே சேர்த்துக்கொண்டால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் நேரலாம். தக்க வைத்தியரைக் கலந்து, உண்டுவரும் மருந்துகள் அனைத்தையும் அவரிடம் மறையாது கூறுதலே முறை. முன்பே உண்டுவரும் மருந்தைத் தாமாக நிறுத்துதலும் கூடாது.

விரத விஷயத்திலும் இதுவே நெறி. நோயாளிகள், முதியோர், குழந்தைகள், கருவுற்ற மாதர் ஆகியோருக்கு உபவாசத்தில் சாஸ்திரமே தளர்வு அளித்துள்ளது. நீரிழிவு உடையோர் ஏகாதசியன்று உணவை அறவே நீக்கினால் ஆபத்து நேரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் எளிய பலகாரம் கொள்வது விரதத்துக்குக் குறைவாகாது. பானகத்தையும் சர்க்கரைப் பொங்கலையும் அவர்கள் சிறிதளவே ஸ்வீகரித்தல் போதும். பிரசாதத்தின் மேன்மை அதன் அளவைப் பொறுத்ததன்று.

யாத்திரிகர்கள் இன்றே கைக்கொள்ளத்தக்கவை சில. காய்ச்சி ஆறிய நீரையே பருகுக. பசித்துப் புசிக்க. வழியில் கண்டதையெல்லாம் உண்ணற்க. வெயிலில் நெடுநேரம் நின்றபின் நிழலில் அமர்ந்து மோரோ நீரோ அருந்துக. இரவில் கண்விழித்துச் சேவித்தால், மறுநாள் இலகுவான உணவு கொண்டு ஓய்வெடுக்க. மார்புவலி, மூச்சுத்திணறல், மயக்கம் தோன்றினால் கைமருந்தில் காலம் போக்காது உடனே மருத்துவரை நாடுக.

உணவையும் உறக்கத்தையும் ஒழுங்கு செய்தல் நம் பொறுப்பு. மருந்தைத் தேர்ந்தளித்தல் வைத்தியர் பொறுப்பு. திருமுக்கூடல் ஆதுலர் சாலை இவ்விரண்டுக்கும் இடம் வகுத்து, அரிசியையும் மருந்தையும் தனித்தனியே அளந்து வைத்தது. எம்பெருமானுக்குக் கைங்கரியம் செய்யக் கிடைத்த இவ்வுடலை அந்நெறியிற் பேணி, ஆண்டுதோறும் உத்ஸவம் சேவிக்கும் பேற்றை அன்பர்கள் அனைவரும் பெறுவார்களாக.