ஸ்டார்கிராப்ட் ஆடலிற் பயில்வோர்க்கு

சதுரங்கம் ஆடுவார் ஒருவர்பின் ஒருவராகக் காயை நகர்த்துவர்; ஒருவர் எண்ணுங்கால் மற்றவர் கைகட்டி யிருப்பர். யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட ஆடலோ அத்தகைத்தன்று. 1998ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிளிசார்டு நிறுவனத்தார் வெளியிட்டதும், தென்கொரியாவில் தொலைக்காட்சியிற் காட்டப்பெறும் போட்டியாக வளர்ந்ததுமாகிய ஸ்டார்கிராப்ட் என்னும் கணிப்பொறி ஆடலில், இருவரும் ஒரே காலத்திற் பொருளீட்டவும், படை திரட்டவும், பொரவும் வேண்டும். யாம் எண்ணி நிற்கும் நொடியிலும் எதிரி தொழிற்பட்டுக்கொண்டே யிருப்பான்.

இவ்வாடல் விரல்வேக முடையார்க்கே உரியதென்று கருதிப் பலர் சின்னாளிற் கைவிடுகின்றனர். அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. தொடக்கத்தில் ஒவ்வொருவர்க்கும் 4 தொழிலாளரும் 50 கனிமமும் அளிக்கப்படுகின்றன. தொழிலாளன் ஒருவனை ஆக்க 50 கனிமம் வேண்டும். டெரன் இனத்துக் காலாள் ஒருவனுக்கும் அவ்விலையே. ஆகவே 500 கனிமம் செலவின்றிக் கிடக்குமாயின், களத்திற்கு வாராத பத்து வீரரென்றே அதனைக் கொள்க. தோற்றவர் தம் படையை நன்கு நடத்தவில்லை யென்று வருந்துவர். அப்படையே அளவிற் குறைந்து வந்ததென்பதை நோக்கார். புதிதாகப் பயில்வார் போர்முனையினுங் கருவூலத்தையே முதற்கண் நோக்குதல் வேண்டும்.

படைப்பெருக்கத்திற்கு வரம்பொன்றுண்டு. டெரன் இனத்தின் தலைமை மனை பத்துப் பேர்க்கு இடந்தரும். அதன்மேற் பெருகுதற்கு 100 கனிமத்தாற் பண்டசாலை ஒன்று எடுத்தல் வேண்டும்; அஃது எண்மர்க்கு இடந்தருவது. பத்தும் நிரம்பியபின் அதனைத் தொடங்குவோன், அது முடியுமளவும் ஒருவனையும் ஆக்கமாட்டாது நிற்பான். அதனாலன்றோ தேர்ந்தவர் ஒன்பதாமவன் தோன்றியவுடனே அதனைத் தொடங்குகின்றனர். மற்றொன்று: ஒரு மனையில் ஐவரை வரிசையாகப் பதிந்துவைத்தல் கூடும். சோம்பர்க்கு இஃது இனிதே. ஆயின் ஐவர் விலையும் அப்பொழுதே கழிந்துவிடும். முதலாமவன் உருவாகுமளவும் ஏனை நால்வர்க்குரிய 200 கனிமம் வறிதே முடங்கும். காலாட்களை ஆக்கும் புதுமனை ஒன்றற்கு விலை 150தான்!

எதிரியின் நிலம் இருளால் மறைக்கப்பட்டிருத்தலின், தொடக்கத்திலேயே தொழிலாளன் ஒருவனை ஒற்றாக விடுத்தல் இன்றியமையாதது. குறள் பயின்ற எமக்கு ஒற்றாடல் என்னும் அதிகாரம் ஈண்டு நினைவிற்கு வாராதிருக்கவில்லை.

ஆட்டம் முழுவதையும் பதிந்து மீளக்காணும் வசதி 2001ஆம் ஆண்டில் இவ்வாடலிற் சேர்க்கப்பட்டது. இதனினும் சிறந்த ஆசிரியர் இல்லை. மீளக்காணுங்கால் இறுதிப் போரை விடுத்து, தொழிலாளரை ஆக்குதல் முதன்முதல் எப்பொழுது நின்றதென்று தேடுக. சிறு பூசலொன்றிற் கண் பதிந்த நேரமாகவே அது பெரும்பாலும் இருக்கும். அவ்வொன்றையே அடுத்த சில ஆட்டங்களில் திருத்துக. பலவற்றை ஒருங்கே திருத்தப் புகுவார் ஒன்றையும் திருத்தார். நாளொன்றுக்குப் பத்தாடி ஒன்றையும் மீளக்காணாது விடுதலினும், இரண்டாடி இரண்டையும் காணுதல் மாணவர்க்குப் பயன் மிகுதியென்பது எம் துணிபு. தேர்வுக் காலத்தில் அவ்விரண்டும் மிகையே!

இனித் தோல்வியைப்பற்றி ஒரு சொல். குழுவாட்டத்திற் பழியைப் பிறர்மேல் ஏற்றலாம். தனியாட்டத்தில் அதற்கு இடமில்லை. இதற்கஞ்சிப் போட்டிக்குட் புகவே தயங்குவார் பலர். ஒப்பாரோடு ஒப்பாரை இணைக்கும் முறை இக்காலத்து வழங்குகின்றது. நாம் உயருந்தோறும் வலியாரே எதிர்ப்படுவர். எனவே எத்துணைத் தேர்ந்தார்க்கும் ஏறக்குறையப் பாதியாட்டம் தோல்வியாகவே முடியும். வெற்றித்தொகை வளர்ச்சிக்கு அளவுகோலாகாது. ஐந்தாம் நிமிடத்தில் தொழிலாளர் எத்துணையர், செலவின்றிக் கிடப்பது எவ்வளவு என்னும் இரண்டையும் குறித்துவருக. வளர்ச்சி அங்கே தெரியும்.

2010ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் ஸ்டார்கிராப்டில், டீப்மைண்ட் நிறுவனத்தாரின் ஆல்பாஸ்டார் என்னும் பொறி, கைவேகம் வரையறுக்கப்பட்டும், 2019இல் மிக உயர்ந்த படியை எய்திற்று. அது முதலில் மனிதர் ஆடிய பதிவுகளைப் பயின்றது. பின்னர்த் தன்னோடு தானே பொருதது. அதன் குறைகளை வெளிப்படுத்துதற்கென்றே தனி எதிரிகளும் ஆக்கப்பட்டனர். நம்மனோர்க்கும் அது கைவரும். ஒரே சூழ்ச்சியால் நம்மைப் பலகால் வீழ்த்தும் நண்பர் ஒருவர் விடுதியில் இருப்பின், அச்சூழ்ச்சியையே பத்துமுறை அடுத்தடுத்து ஆடும்படி அவரை வேண்டிக்கொள்க. பெரும்பாலோர் மகிழ்வுடனே இசைவர்.