சாயம் போகும் புடவைக்கு உப்புத் தண்ணீர் போதுமா?

போன ஜனவரியில் என் மனைவியின் சிவப்புச் சுங்குடியும் பேத்தியின் பள்ளிச் சட்டைகளும் ஒரே வாளியில் ஊறின. ஒரு மணி நேரத்தில் வெள்ளைச் சட்டைகள் மூன்றும் ரோஜா நிறம்! மதுரையில் நாலைந்து தடவை துவைத்தும் சாயம் இறங்காத புடவை அது. என் மனைவி கடைக்காரரைத் திட்டினாள். எனக்கோ டில்லிக் குளிர்மேல் சந்தேகம்.

பருத்தியில் சாயம் நிற்பது பல விதம். சில மலிவுச் சாயங்கள் நூலில் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் மெல்ல விலகும். 1956-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. விற்பனைக்குக் கொண்டுவந்த ரியாக்டிவ் சாயங்கள் நூலோடு ரசாயனமாகவே பிணைந்துவிடும். அதிலும் பிணையாத மிச்சம் உண்டு. அதைப் பட்டறையிலேயே கொதிக்கும் சோப்பு நீரில் அலசி எடுக்க வேண்டும். அங்கே சோம்பினால் நம் வாளியில் தெரியும்.

மதுரையில் பச்சைத் தண்ணீரில் அலசி வெயிலில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். இங்கே கீஸர் வெந்நீரில் ஊறவைக்கிறோம். சூடு சாயத்தை இளக்குகிறது. பிறகு பனிமூட்டத்தில் பால்கனிக் கொடியில் நாள் முழுதும் ஈரமாய்த் தொங்கும்போது ஒரு மடிப்பின் நிறம் அடுத்ததில் ஏறுகிறது.

உப்புப் போட்டால் நிற்காதா என்று கேட்பீர்கள். சாயத்தொட்டியில் உப்புச் சேர்ப்பது சாயம் நூலில் ஏறுவதற்கு. வீட்டு வாளியில், உப்பு இருக்கும்வரை சாயம் சற்று அடங்கியிருக்கும். அடுத்த சலவையில் பழைய கதைதான். வினிகர் பட்டு, கம்பளிச் சாயங்கள் சிலவற்றுக்கு ஓரளவு உதவும், பருத்திக்கு வீண்.

(நம் ஊர்க் கட்டம் போட்ட மெட்ராஸ் துணி 1960-களில் அமெரிக்காவில் சாயம் போவதற்காகவே விரும்பி வாங்கப்பட்டது. 'பிளீடிங் மெட்ராஸ்' என்றே பெயர். என் மனைவி இதை நம்பவில்லை.)

புதுப் புடவையைச் சோதிக்க, ஈர வெள்ளைத் துணியால் உள்ளோரத்தில் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் முதல் மூன்று நான்கு சலவை தனியாக. நிறையக் குளிர்ந்த நீரில், ஊறவிடாமல், அலசும் தண்ணீர் தெளியும்வரை. பிழிந்து குவித்து வைக்காதீர்கள். நிழலில் ஒற்றையாக விரியுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தாலே நிறம் ஏறினால் சாயம் மேலோட்டமாக நிற்கிறது. நீல ஜீன்ஸ் அப்படித்தான். அதோடு வெள்ளை உடுப்பு வேண்டாம்.

கறை பட்ட வெள்ளையைக் காயவும் விடக்கூடாது, இஸ்திரியும் போடக்கூடாது. இரண்டு சட்டைகளை ஈரத்தோடேயே சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் திரும்பத் திரும்ப அலசி மீட்டேன். மூன்றாவது என் கண்ணில் படுவதற்குள் காய்ந்துவிட்டது. அதில்தான் இப்போது ஸ்கூட்டர் துடைக்கிறேன்.