பாறை வெடித்தது எப்போது, எங்கே?

கோலார் தங்கவயல் குடும்பங்களுக்குப் பாறை வெடிப்பைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. மேலிருக்கும் பாறையின் பாரம் தாங்காமல், தோண்டிய இடம் திடீரென்று சிதறும். மேலே வீடுகளும் அதிரும். உடனே எழும் கேள்வி: வெடித்தது எந்த இடத்தில்? மீட்புக் குழு எந்தப் பக்கம் இறங்குவது?

இதை அறிய ஜியோபோன் என்னும் அதிர்வுணரும் கருவிகளைப் பல இடங்களில் பொருத்தினார்கள். அருகிலுள்ள கருவிக்கு அதிர்வு முதலில் எட்டும். தொலைவிலுள்ளதற்குப் பிறகு எட்டும். அந்த நேர வித்தியாசங்களைக் கொண்டு இடத்தைக் கணக்கிடலாம். கடினப் பாறையில் அதிர்வு நொடிக்குச் சுமார் 5 கி.மீ. ஓடுவதாகக் கொண்டால், 1 மில்லி வினாடி நேரப் பிழை 5 மீட்டர் தூரப் பிழையாகும்.

இவ்வேலையை இன்று ஒரு மைக்ரோகண்ட்ரோலரிடம் ஒப்படைப்பதாக வைத்துக்கொள்வோம். “அதிர்வு வந்ததா?” என்று புரோகிராமே திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு முறை. ஆனால் திரையில் எழுத்துக் காட்டும் வேலையில் அது 2 மில்லி வினாடி மூழ்கியிருந்தால், நேரத்தையும் அவ்வளவு தாமதமாகவே குறிக்கும். 10 மீட்டர் போயிற்று! வாசலில் ஆள் நுழைந்த பின், தேநீர் குடித்துவிட்டு வந்து நேரம் எழுதும் குமாஸ்தாவைப் போன்றது இது.

ஹார்டுவேர் டைமர் அப்படியல்ல. அது புரோகிராமை எதிர்பாராமல் தானே எண்ணிக்கொண்டிருக்கும் கடிகாரம். அதன் ‘இன்புட் கேப்சர்’ வசதி, அதிர்வு வந்த கணத்திலேயே எண்ணிக்கையைப் பதிவேட்டில் பதித்துவிடும். புரோகிராம் பிறகு ஆற அமர வந்து படித்துக்கொள்ளலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. மைக்ரோ வினாடிக்கு ஒன்றாக எண்ணும் 16 பிட் டைமர், 65,535-க்குப் பின் மீண்டும் 0-விலிருந்து தொடங்கும். முதல் கருவியின் பதிவு 65,000, இரண்டாவதன் பதிவு 1,000 என்றால்,

1,000 − 65,000 + 65,536 = 1,536 மைக்ரோ வினாடி.

அதாவது, இரு கருவிகளுக்கும் அதிர்வு வந்த பாதைகளின் வித்தியாசம் 7.68 மீட்டர். வித்தியாசம் 65 மில்லி வினாடியைத் தாண்டக்கூடுமானால், டைமர் எத்தனை சுற்று முடித்தது என்பதையும் எண்ண வேண்டும்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. எனினும் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அவை விட்டுச்சென்ற பாடம் பழையதாகவில்லை: நிகழ்ச்சியின் நேரத்தை அது நிகழும்போதே பதிய வேண்டும். கணக்கைப் பிறகு போடலாம். தவறவிட்ட நேரத்தை மீட்க முடியாது.