நாய்க்குட்டி வாந்தி எடுத்தா என்ன செய்யணும்?



நாய்க்குட்டி வாந்தி எடுத்தால் நம்ம ஊரில் "கண்ணு பட்டுடுச்சு" என்று சொல்லி மிளகாய் சுத்திப் போடுவாங்க. இல்லாட்டி பாலை ஊத்துவாங்க. ரெண்டாலயும் வாந்தி நிக்காது.

பெரிய நாய் புல்லைத் தின்னுட்டு ஒரு தடவை வாந்தி எடுத்து, அப்புறம் வாலை ஆட்டிக்கிட்டு ஓடினா பயம் இல்லை. குட்டி அப்படி இல்லை. நாலைந்து தடவை எடுத்தாலே அதன் சின்ன உடம்பில் உள்ள நீர் குறைந்துவிடும்.

முதலில் ஒரு நாலு மணி நேரம் சாப்பாடு வைக்காதீங்க. அதுக்கு மேல் பட்டினி போட்டால் குட்டி துவண்டுவிடும். தண்ணீரை மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் கொடுங்க. எங்க மணிக்கு நான் பாட்டில் மூடியில்தான் ஊத்தினேன். சட்டி நிறைய வெச்சா மடக்குமடக்குனு குடிச்சுட்டு எல்லாத்தையும் கக்கிடும். வாந்தி நின்ற பிறகு உப்பு, காரம் இல்லாத குழைஞ்ச சோறு கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கலாம்.

உடம்பில் நீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கழுத்துத் தோலைத் தூக்கி விடுங்க. உடனே படியணும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெள்ளையாகி, இரண்டு நொடிக்குள் சிவக்கணும். (கறுப்பு ஈறு உள்ள குட்டிக்கு இது தெரியாது, தோலைத்தான் பார்க்கணும்.) இப்படி நடக்கலைன்னா உடனே கால்நடை மருந்தகம் போகணும்.

வாந்தியோடு ரத்தமா, நாத்தத்தோடு கழிந்தால் அது பார்வோ வைரஸாக இருக்கலாம். 1978-ல் கண்டுபிடித்த இந்தக் கிருமி ரெண்டு மூணு நாளிலேயே குட்டியைக் கொன்றுவிடும். போன வருஷம் எங்க தெருவில் ஒரே ஈத்துக் குட்டி நாலும் இப்படித்தான் போச்சு. மண்ணில் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் அந்த இடத்தில் புதுக்குட்டியைக் கட்டக் கூடாது. தரையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவணும். ஆறு வாரக் குட்டியிலிருந்தே இதற்குத் தடுப்பூசி போடலாம்.

நமக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. எலி மருந்து, பூச்சி மருந்து தின்றிருந்தால் அந்த டப்பாவையும் டாக்டரிடம் எடுத்துட்டுப் போங்க. எத்தனை தடவை எடுத்துச்சு, என்ன நிறம், வாந்தியில் நூடுல்ஸ் மாதிரி புழு இருந்துச்சான்னு அவர் கேட்பார். துடைக்கிறதுக்கு முன்னாடி பார்த்து வெச்சுக்கோங்க. அப்புறம் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி