காவலில் இருப்பவருக்கும் உரிமை உண்டு: முதல் 24 மணி நேரத்தில் குடும்பம் செய்ய வேண்டியவை



ஃபஜ்ருக்கு முன் கதவு தட்டப்படுகிறது. "சின்ன விசாரணைதான், அனுப்பிவிடுவோம்" என்று சொல்லி மகனை அழைத்துப் போகிறார்கள். எந்த ஸ்டேஷன், என்ன வழக்கு என்று உம்மா கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. 'ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும்' என்று பயந்து, அஸருக்குப் பிறகுதான் உதவி தேடி வெளியே வருகிறார். அதற்குள் பத்து மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. அந்த நேரத்தின் மதிப்பை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடம்.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். செய்யாத குற்றத்துக்காகப் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார்கள். மன்னர் ஆள் அனுப்பி அழைத்தபோது அவர்கள் உடனே வெளியே ஓடி வரவில்லை. தூதரைத் திருப்பி அனுப்பி, அந்தப் பெண்களின் விஷயத்தை முதலில் விசாரிக்கச் சொன்னார்கள். முறையான விசாரணையைக் கேட்பது அதிகாரத்தை எதிர்ப்பதாகாது, அது ஒரு நபியின் வழிமுறை.

நம் நாட்டு அரசியல் சாசனமும் இந்த உரிமையைத் தருகிறது. 22ஆம் பிரிவின்படி, கைதானவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும்; தான் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு; பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை நடுவர் முன் நிறுத்த வேண்டும். 1986இல் மேற்கு வங்கத்தில் சட்ட உதவிப் பணி செய்துவந்த டி.கே. பாசு என்பவர், லாக்கப் மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைப் படித்து உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காகி, 1996 டிசம்பர் 18 அன்று கைது நடைமுறைக்கு 11 கட்டளைகள் பிறந்தன. அவற்றில் பல இன்று, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இடம்பெற்றுள்ளன.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை:

1. வந்தவரின் பெயர், பதவி, எந்த ஸ்டேஷன் என்று பணிவாகக் கேளுங்கள். அவர் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். நேரத்தைக் குறித்து வையுங்கள்.

2. கைது என்றால் கைதுக் குறிப்பு எழுதப்பட வேண்டும். குடும்பத்தாரோ அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிப்புள்ள ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்து இட வேண்டும். தேதியும் நேரமும் சரியா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள்.

3. எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தெரிவிப்பது போலீஸாரின் கடமை. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். ஆனால் விசாரணை முழுவதும் அவர் உடன் இருக்க முடியாது.

4. பெண்களைச் சூரிய அஸ்தமனத்துக்குப் பிறகும் உதயத்துக்கு முன்பும் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான நிலையில், நடுவரின் முன் அனுமதியோடு பெண் அதிகாரியே செய்ய வேண்டும். சிறுவர்களை லாக்கப்பில் வைக்கவே கூடாது.

5. கைதானவருக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. காயம் இருந்தால் டாக்டரிடம் சொல்லி எழுத வைக்க வேண்டும்.

6. நடுவர் முன் நிறுத்தும்போது குடும்பத்தில் ஒருவரும் வக்கீலும் அங்கே இருக்க முயலுங்கள். அடித்திருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும்.

7. வக்கீல் வைக்க வசதியில்லையே என்று தயங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எதுவானாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100.

24 மணி நேரம் கடந்தும் நிறுத்தவில்லை, ஆள் எங்கே என்றும் தெரியவில்லை என்றால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலுக்கு இந்த 24 மணி நேர விதி பொருந்தாது. ஆனாலும் காரணத்தைத் தெரிவித்து, எதிர்த்து முறையிட வாய்ப்புத் தர வேண்டும். அத்தகைய ஆணை வந்தால் உடனே வக்கீலைப் பாருங்கள்.

இது நம் சமுதாயத்துக்கு மட்டுமான பிரச்சினை அல்ல. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்துக்குப் பின்னும் கடை திறந்திருந்ததாகச் சொல்லி வியாபாரி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனில் பிடித்து வைக்கப்பட்டார்கள். மறுநாள் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22, 23 தேதிகளில் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். அதே ஸ்டேஷனில் பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி, விசாரிக்க வந்த நடுவரிடம் தாம் கண்டதைச் சொன்னார். நமக்கோ நம் உறவினருக்கோ பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது அந்நிஸா சூராவின் 135ஆம் வசனம் தரும் கட்டளை. அந்தப் பெண்மணி செய்தது அதுதான்.

அந்தக் கட்டளை நமக்கும் உண்டு. நம் பிள்ளை தவறு செய்திருந்தால் அதை மறைக்கப் பொய்ச் சாட்சி தேடக் கூடாது. ஆனால் குற்றவாளி என்றே வைத்துக்கொண்டாலும் தண்டிக்க வேண்டியது நீதிமன்றம். உலகில் மனிதர்களை வதைப்பவர்களை அல்லாஹ் வதைப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. வரி விஷயத்தில் சிலர் வெயிலில் நிறுத்தப்பட்டிருந்ததைக் கண்ட ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி), இந்த ஹதீஸைச் சொல்லித்தான் தடுத்தார்கள். நிறுத்தப்பட்டிருந்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு வீட்டில் கைது நடந்தால் அந்த வீட்டுப் படியேற நம்மில் பலர் தயங்குகிறோம். செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பித் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்த உம்மாவுடன் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் துணைக்குப் போக மஹல்லாவுக்கு இரண்டு பேராவது முன்வர வேண்டும். இந்தப் பக்கத்தை வெட்டி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். தேவைப்படாமலே போகட்டும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைப் பாதுகாத்து, நம்மை நீதிக்குச் சாட்சிகளாக ஆக்குவானாக. ஆமீன்.